கொலையாளி பிடிபடும் வரை காவல்துறை மக்களிடம் எப்படிப் பேச வேண்டும்? ஐடஹோ வழக்கை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 25,000. ஒரு பல்கலைக்கழகம், அதை ஒட்டி மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் வீடுகள், ஊரைச் சுற்றிக் கோதுமை வயல்கள். 2015க்குப் பிறகு அங்கே ஒரு கொலைகூட நடந்ததில்லை. 2022 நவம்பர் 13, ஞாயிறு அதிகாலை, அப்படியொரு வாடகை வீட்டில் நான்கு மாணவர்கள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 30 அன்று, நாட்டின் மறுகோடியில் உள்ள பென்சில்வேனியாவில், பிரையன் கோபர்கர் என்பவர் கைதானார். 2025 ஜூலையில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டு, பரோல் இல்லாத நான்கு ஆயுள் தண்டனைகள் பெற்றார்.

இடையில் ஓடிய ஏழு வாரங்களில் விசாரணை உண்மையில் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. கத்தி உறையில் மரபணு கிடைத்திருந்தது, கார் அடையாளம் காணப்பட்டிருந்தது, செல்போன் பதிவுகள் வந்துகொண்டிருந்தன. ஆனால் வெளியிலிருந்து பார்த்த எல்லோருக்கும், இந்தக் காவல்துறைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் தோன்றியது. வேலை சரியாக நடந்தும் பேச்சு சொதப்பிய வழக்கு என்பதால்தான் இதை எடுத்துக்கொள்கிறேன். பேச்சால் மட்டும் எவ்வளவு நம்பிக்கை போகும் என்பதை இங்கே தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

மைக் முன் நிற்கப்போகும் அதிகாரிக்காகவும் எதிரே குறிப்பெடுக்கும் செய்தியாளருக்காகவும் இதை எழுதுகிறேன். தன் ஊரில் இப்படியொன்று நடந்தால் காவல்துறையிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்பும் சாதாரண ஆளுக்கும் பயன்படும்.

முதல் படி: முதல் நாளில் ஆறுதல் சொல்லாதீர்கள்

மாஸ்கோவில் முதல் தவறு முதல் அறிக்கையிலேயே நடந்துவிட்டது. பொதுமக்களுக்கு ஆபத்து இருப்பதாகக் கருதவில்லை என்றது காவல்துறை. நவம்பர் 15ஆம் தேதி, இது குறிவைத்து நடத்தப்பட்ட தனித்த தாக்குதல், ஊருக்கு உடனடி அச்சுறுத்தல் இல்லை என்று இன்னும் ஒரு படி மேலே போனது. யாரும் கைதாகவில்லை, கத்தி கிடைக்கவில்லை, சந்தேக நபரின் பெயர்கூட இல்லை. மறுநாள்தான் முதல் செய்தியாளர் சந்திப்பு. அதில் காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் ஃப்ரை, கொலையாளி வெளியில்தான் இருக்கிறார், ஆபத்து இல்லை என்று எங்களால் சொல்ல முடியாது என்றார்.

இரண்டுமே நல்லெண்ணத்தில் சொன்னவைதான். ஆனால் கேட்டவர்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் உண்மை வந்தது. அந்த மூன்று இரவும் கதவைச் சரியாகப் பூட்டாமல் தூங்கிய மாணவி, நான்காம் நாள் காவல்துறை சொல்வதை எதற்கு நம்ப வேண்டும்? நன்றிநவிலல் விடுமுறைக்கு இன்னும் சில நாள் இருக்கும்போதே மாணவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள். மிச்சப் பருவத்தை வீட்டிலிருந்தே முடிக்கலாம் என்று பல்கலைக்கழகமும் அனுமதித்தது.

முதல் அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். ஊர் பெயரையும் நேரத்தையும் மாற்றினால் போதும், எங்கும் பொருந்தும்:

"இன்று காலை ஒரு வீட்டில் நான்கு பேர் கொலையுண்டு கிடந்தார்கள். இது கொலை என்பது உறுதி. செய்தவர் யார், ஏன் செய்தார் என்பது இப்போது எங்களுக்குத் தெரியாது. அவர் இன்னும் பிடிபடவில்லை. ஆகவே ஆபத்து இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்: கதவைப் பூட்டுங்கள், இரவில் தனியாகப் போகாதீர்கள். நேற்று நள்ளிரவு முதல் காலை வரை இந்தத் தெருவில் பதிவான கேமரா காட்சிகளை அழிக்காமல் வைத்திருங்கள், நாங்கள் வந்து கேட்போம். இன்று மாலை 6 மணிக்கு மறுபடி பேசுகிறேன். புதிதாக எதுவும் இல்லையென்றாலும் வருவேன்."

தெரிந்தது, தெரியாதது, நீங்கள் செய்ய வேண்டியது, நான் மறுபடி வரும் நேரம். இந்த நான்கும் இருந்தால் போதும். நம் ஊர் பிரஸ் மீட்களில் தவறாமல் வரும் "பல கோணங்களில் விசாரணை நடக்கிறது", "தனிப்படைகள் அமைக்கப்பட்டுள்ளன", "குற்றவாளிகள் விரைவில் பிடிபடுவார்கள்" ஆகிய மூன்றும் இந்த மாதிரியில் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலிரண்டில் தகவல் எதுவும் இல்லை. மூன்றாவது, நிறைவேற்றும் சக்தி உங்கள் கையில் இல்லாத ஒரு வாக்குறுதி.

இரண்டாம் படி: குடும்பத்துக்கு முதலில்

குடும்பத்துக்குத் தெரியாத எதையும் தொலைக்காட்சிக்குச் சொல்லக் கூடாது. விதி எளிது, ஆனால் அடிக்கடி மீறப்படுவதும் இதுதான். மாஸ்கோவில் கொலையுண்ட ஒரு மாணவியின் தந்தை, தங்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்று தொலைக்காட்சிகளில் வெளிப்படையாகவே கொதித்தார், வழக்கறிஞரையும் அமர்த்திக்கொண்டார். குடும்பமே நம்பவில்லை என்று தெரிந்த பிறகு ஊர் எப்படி நம்பும்?

பிரிட்டன் இதைக் கசப்பான வழியில் கற்றது. 1993இல் லண்டனில் நிறவெறியர்களால் கொல்லப்பட்ட இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் குடும்பத்தைக் காவல்துறை நடத்திய விதத்தை, 1999இல் வெளியான மக்பர்சன் விசாரணைக் குழு அறிக்கை கடுமையாகச் சாடியது. அதன்பிறகுதான் கொலை வழக்குகளில் குடும்பத்துடன் பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற அதிகாரியை நியமிக்கும் முறை அங்கே வலுப்பெற்றது. பெரிய செலவு ஒன்றும் இல்லை: ஒரு ஆள், ஒரு தொலைபேசி எண், வாரம் ஒரு அழைப்பு.

இந்தியாவில் இப்போது இதற்குச் சட்டமே இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 193இன்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காவல்துறை தெரிவிக்க வேண்டும். பலருக்கு இது தெரியாது. ஸ்டேஷன் வாசலில் நின்று கெஞ்சுவதற்குப் பதிலாக இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பேசுவது ஒரே ஆள்

கொலை நடந்த மறுநாளே மாஸ்கோ மேயர், இது உணர்ச்சிவேகத்தில் நடந்த குற்றமாகப் பார்க்கப்படுகிறது என்று பத்திரிகையிடம் சொல்லிவிட்டு, பிறகு அது பல சாத்தியங்களில் ஒன்றுதான் என்று பின்வாங்கினார். நவம்பர் இறுதியில் மாவட்ட அரசு வழக்கறிஞர் இன்னொன்று சொன்னார்: அந்த வீடு அல்லது அதில் இருந்தவர்கள் குறிவைக்கப்பட்டார்கள். உடனே காவல்துறை, தகவல் தொடர்பில் குழப்பம், வீடோ ஆட்களோ குறிவைக்கப்பட்டார்களா என்பது தெரியாது என்று அறிக்கை விட்டது. மறுநாள் மற்றோர் அறிக்கை: இது குறிவைத்த தாக்குதல் என்பதில் மாற்றமில்லை, குறி வீடா ஆட்களா என்பதுதான் முடிவாகவில்லை.

இந்த மூன்று அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பெரிய முரண்பாடு இல்லை. ஆனால் யாரும் அப்படிப் படிப்பதில்லை. "போலீஸ் மாற்றி மாற்றிப் பேசுது" என்பது மட்டும்தான் மனதில் நிற்கும். குறிவைத்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதென்றால், அதைச் சொல்லாமலே இருந்திருக்க வேண்டும். ஆதாரத்தைக் காட்ட முடியாத முடிவை அறிவிப்பது, காரணம் சொல்லாமல் "என்னை நம்பு" என்று கேட்பதுதான்.

பிறகு மாநிலக் காவல்துறையின் தகவல் தொடர்பு இயக்குநர் ஆரன் ஸ்னெல் இந்த வழக்கின் முகமாகப் பேச ஆரம்பித்தார். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. மேயர், எம்.எல்.ஏ., அரசு வழக்கறிஞர், மருத்துவமனை டீன் என்று யாரிடம் மைக் நீட்டினாலும் "அவரிடம் கேளுங்கள்" என்ற ஒரே பதில் வர வேண்டும். இந்திய உள்துறை அமைச்சகம் 2010இல் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையும், நியமிக்கப்பட்ட அதிகாரி மட்டுமே ஊடகத்திடம் பேச வேண்டும், சொந்தக் கருத்து சொல்லக் கூடாது என்கிறது. அறிவுரை பதினைந்து வருடமாகக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

நான்காம் படி: மறைப்பதை மறைக்கிறோம் என்று சொல்லிவிட்டு மறையுங்கள்

மாஸ்கோ காவல்துறை பல விஷயங்களை வெளியிடவில்லை. கொலை நடந்த அறையில் கத்தி உறை கிடந்தது. அதன் பொத்தானில் ஓர் ஆணின் மரபணு இருந்தது. வீட்டில் உயிர் பிழைத்த ஒரு மாணவி முகமூடி அணிந்த ஒருவரைப் பார்த்திருந்தார். இவையெல்லாம் 2023 ஜனவரி 5 அன்று நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் திறக்கப்பட்டபோதுதான் வெளியே தெரிந்தன.

மறைத்தது சரியே. உறை கிடைத்தது தெரிந்தால் கொலையாளி கத்தியையும் காரையும் ஒழிக்க இன்னும் மெனக்கெடுவான். கொலையாளிக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள் கையில் இருந்தால்தான், பெரிய வழக்குகளில் தேடி வந்து "நான்தான் செய்தேன்" என்று சொல்லும் பொய் ஆட்களைப் பிரிக்க முடியும். பார்த்த சாட்சியின் உயிருக்கும் அது பாதுகாப்பு.

ஆனால் இந்தக் காரணங்களை மக்களிடமே சொல்லலாம். "எங்களிடம் இருப்பதில் சிலவற்றைச் சொல்ல மாட்டோம். செய்தவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாத விவரங்கள் அவை. நீதிமன்றத்தில் வெளிவரும்." இப்படிச் சொன்னால் மௌனத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது, முடியும் தேதியும் கிடைத்துவிடுகிறது. எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல்: ஆதாரத்தை மறைக்கலாம், ஆபத்தை மறைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: மக்களிடம் துப்பு கேட்பது

இதுதான் மிகவும் சிக்கலான இடம். டிசம்பர் 7 அன்று மாஸ்கோ காவல்துறை, 2011 முதல் 2013 வரையிலான மாடல் வெள்ளை ஹூண்டாய் எலான்ட்ரா காரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டது. தகவல் குவிந்தது. விவரத்துக்குப் பொருந்திய பதிவுபெற்ற கார்கள் மட்டும் சுமார் 22,000 என்று பிறகு சொன்னார்கள். கைது நாள் வரை வந்த மொத்தத் துப்புகள் 19,000க்கும் மேல். கோபர்கரின் கார் 2015 மாடல்! நல்லவேளை, காவலர்களுக்குள் இந்தத் தேடல் நவம்பர் 25ஆம் தேதியே போயிருந்தது. பக்கத்து ஊரான புல்மனில் பல்கலைக்கழகக் காவலர் ஒருவர் நவம்பர் 29 நள்ளிரவுக்குப் பின் அந்தக் காரைப் பார்த்துக் குறித்துவிட்டார். பொதுமக்களை மட்டும் நம்பியிருந்தால், "2015தானே, இது இல்லை" என்று யாரோ ஒருவர் கடந்து போயிருக்கலாம்.

ஆகவே துப்பு கேட்கும்போது உறுதியின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "வெள்ளை நிறம் என்பது உறுதி. மாடல் ஆண்டு எங்கள் கணிப்பு மட்டும், இரண்டு மூன்று ஆண்டு முன்பின் இருக்கலாம்." ஒரு வாக்கியம்தான் கூடுதல்.

இதைச் செய்யாமல் போனதன் விலையைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1975 முதல் 1980 வரை வட இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் வழக்கு. 1979 ஜூனில், கொலையாளி நான்தான் என்று பேசும் ஒரு ஒலிநாடா விசாரணைத் தலைவர் ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டுக்குத் தபாலில் வந்தது. சண்டர்லேண்ட் பக்கத்துப் பேச்சு. அதை உண்மையென்று நம்பி, ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். தொலைபேசியில் அழைத்தால் அந்தக் குரலைக் கேட்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள். நாடே அந்தக் குரலைத் தேடியது. யார்க்ஷயர்க்காரரான சட்கிளிஃப்பின் பேச்சு அப்படி இல்லை. விசாரணைக் காலத்தில் அவரை ஒன்பது முறை விசாரித்திருந்தும் விட்டுவிட்டார்கள். ஒலிநாடா வந்த பிறகு இன்னும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். நாடாவை அனுப்பிய புரட்டுக்காரர் ஜான் ஹம்பிள், தபால் உறையில் இருந்த மரபணுவால் 2005இல்தான் சிக்கி, 2006இல் எட்டு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

புரட்டுக்கு எந்த விசாரணையும் பலியாகலாம். அங்கே நடந்த பெரிய கேடு வேறு. இந்தக் குரல்தான் கொலையாளி என்று பகிரங்கமாக அறிவித்த பிறகு, அதைச் சந்தேகித்த காவலர்களே பேச முடியாமல் போனது. அறிவிப்பு விசாரணையைக் கட்டிப்போட்டுவிட்டது. வெளியே சொன்ன சொல்லைக் காப்பாற்றவே உள்ளே விசாரணை ஓடத் தொடங்கும் என்பதை மைக்கைத் தொடும் ஒவ்வோர் அதிகாரியும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு வழக்கு, துப்பு வந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு. இண்டியானா மாநிலம் டெல்ஃபியில் 2017 பிப்ரவரி 13 அன்று இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் தன் போனில் கொலையாளியைப் படம்பிடித்திருந்தார். படமும் குரலும் சில நாட்களில் வெளியாயின. அதே ஆண்டு ஜூலையில் கொலையாளியின் முகத்தைக் காட்டும் ஒரு வரைபடம். 2019 ஏப்ரலில், அது முக்கியமில்லை என்று சொல்லி, இளமையான முகத்துடன் வேறொரு வரைபடம். இரண்டும் ஒரே ஆளா, முதல் படத்தை மறந்துவிடலாமா என்று மக்கள் குழம்பியது நியாயம். ஆனால் அதைவிடக் கொடுமை: 2022 அக்டோபரில் கைதான ரிச்சர்ட் ஆலன், கொலை நடந்த சில நாட்களிலேயே, அன்று சிறுமிகள் போன நடைபாதையில் நானும் இருந்தேன் என்று தானாகவே ஓர் அதிகாரியிடம் சொல்லியிருந்தார்! பெயர் தவறாகப் பதிவாகி, அந்தத் தாள் ஐந்தரை வருடம் கோப்பில் கிடந்தது. பழைய துப்புகளைச் சரிபார்த்த ஒரு தன்னார்வலர்தான் அதைக் கண்டெடுத்தார்.

துப்பு கேட்டு அறிவிப்பதற்கு முன்பே, வருவதை யார் வாங்குவது, யார் பதிவது, யார் மறுபடி படிப்பது என்பதை முடிவு செய்யுங்கள். ஆள் இல்லையென்றால் அறிவிப்பை இரண்டு நாள் தள்ளிப்போடலாம். தகவல் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவெண் கொடுங்கள். "சொன்னேன், யாரும் திரும்பிக் கேட்கவில்லை" என்று ஊரில் பத்துப் பேர் பேச ஆரம்பித்தால் பதினோராவது ஆள் வரமாட்டார்.

ஆறாம் படி: வதந்தி

மாஸ்கோ காவல்துறை நன்றாகச் செய்த ஒரு வேலை இது. தன் இணையதளத்தில் வதந்திகளுக்கென்றே ஓர் இடம் ஒதுக்கி, ஒவ்வொன்றாக மறுத்தது. கொலைக்குச் சில வாரம் முன்பு அப்பகுதியில் ஒரு நாய் கொல்லப்பட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மாணவிகளை இரவில் காரில் கொண்டுவந்து விட்டவர் சந்தேக நபர் இல்லை. உணவு வண்டி அருகே வீடியோவில் தெரிந்த இளைஞரும் இல்லை.

அப்படியும் போதவில்லை. டிக்டாக்கில் சீட்டுக்கட்டை வைத்துக் குறி சொல்லும் ஒருவர், அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒருவர்தான் கொலைக்குக் காரணம் என்று வீடியோ வீடியோவாகப் போட்டார். பேராசிரியர் அவதூறு வழக்குப் போட வேண்டியதாயிற்று. 2024இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

மறுக்கும்போது வதந்தியைத் தலைப்பாக்காதீர்கள், உண்மையைத் தலைப்பாக்குங்கள். ஒருவரை விடுவித்துச் சொல்லும்போது, "இதுவரை உள்ள ஆதாரப்படி" என்று சேர்த்துக்கொள்ளுங்கள், நாளை பின்வாங்க நேராது. வாட்ஸ்அப்பில் ஓடும் ஆடியோவுக்குப் பதில் எழுத்தறிக்கையாக வந்தால் யாரும் படிக்கமாட்டார்கள். அதே நீளத்தில் ஓர் ஆடியோவாகவே போடுங்கள்.

ஏழாம் படி: இறந்தவரைப் பற்றிப் பேசும் விதம்

காவல்துறையே வதந்தியைக் கிளப்பினால் என்ன செய்வது? 2008 மே மாதம் நொய்டாவில் ஒரு சிறுமி தன் வீட்டில் கொல்லப்பட்டாள். முதலில் வீட்டுப் பணியாளர்தான் கொன்றுவிட்டு ஓடினார் என்றார்கள். மறுநாள் அதே வீட்டு மொட்டைமாடியில் அவருடைய சடலம் கிடந்தது. ஒரு வாரத்தில் உயர் அதிகாரி செய்தியாளர்களைக் கூட்டி, அந்தச் சிறுமியின் நடத்தையையும் தந்தையின் நடத்தையையும் பற்றி நிரூபிக்கப்படாத கதைகளை நாடே பார்க்கச் சொன்னார். பெற்றோர் 2013இல் தண்டிக்கப்பட்டு, 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். அன்று மைக்கில் சொன்னது இன்றும் இணையத்தில் கிடக்கிறது.

சட்கிளிஃப் வழக்கிலும் இது உண்டு. பாலியல் தொழிலாளர்கள் கொல்லப்பட்டவரை ஒரு தொனி, பதினாறு வயதுப் பெண் கொல்லப்பட்டபோது "அப்பாவி" என்று வேறொரு தொனி. அந்தப் பேச்சுக்காக மேற்கு யார்க்ஷயர் காவல்துறை 2020இல் மன்னிப்புக் கேட்டது. நாற்பது வருடம் தாமதம். இறந்தவர் என்ன உடுத்தினார், யாருடன் பழகினார் என்று பேசுவதில் விசாரணைக்கு ஒரு பயனும் இல்லை. அதோடு, அதே தொழிலில் அல்லது அதே சூழலில் இருக்கும் சாட்சிகள் இனி வாயைத் திறக்கமாட்டார்கள்.

எட்டாம் படி: சொல்ல ஒன்றும் இல்லாத வாரங்கள்

குறித்த நாளில் வாருங்கள். இத்தனை பேரை விசாரித்தோம், இத்தனை மணி நேரக் காட்சி பார்த்தோம், ஆய்வகத்திலிருந்து இன்னும் முடிவு வரவில்லை என்று வேலையைச் சொல்லுங்கள். முன்பு சொன்னது ஏதாவது தவறென்று தெரிந்திருந்தால் அதையும் அன்றே, நீங்களாகவே சொல்லுங்கள். செய்தியாளர் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு சொன்னால், அது திருத்தம் இல்லை, மாட்டிக்கொண்டது.

ஒன்பதாம் படி: கைது நாள்

இத்தனை நாள் காத்த கட்டுப்பாடு பெரும்பாலும் அன்றுதான் உடையும். 1981 ஜனவரியில் சட்கிளிஃப் சிக்கியபோது, குற்றச்சாட்டுப் பதிவாவதற்கு முன்பே காவல்துறைத் தலைவர்கள் செய்தியாளர்கள் முன் சிரித்து மகிழ்ந்து, தேடல் முடிந்தது என்ற தொனியில் பேசினார்கள். நியாயமான வழக்கு நடக்குமா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

மாஸ்கோவின் ஃப்ரை 2022 டிசம்பர் 30 அன்று வேறு மாதிரி நடந்துகொண்டார். கைதானவரின் பெயர், குற்றச்சாட்டு, துப்பு கொடுத்தவர்களுக்கு நன்றி, அவ்வளவுதான். காரணம் என்ன, ஆதாரம் என்ன என்ற கேள்விகளுக்கு, கைதானவர் ஐடஹோ நீதிமன்றத்தில் ஆஜராகும் வரை சட்டப்படி ஆவணங்கள் மூடியிருக்கும் என்று விளக்கினார்கள். ஆறு நாளில் அது திறந்தது. அதைப் படித்த பிறகுதான், நவம்பரில் திட்டிய பலர், இவ்வளவு வேலை உள்ளே நடந்ததா என்றார்கள்.

இந்தியச் சூழலில் ஒன்று சேர்க்க வேண்டும். சாட்சிகளைக் கொண்டு அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டிய வழக்கில் கைதானவரின் முகம் டிவியில் வந்துவிட்டால், அந்த அணிவகுப்புக்கு நீதிமன்றத்தில் மதிப்பு போய்விடும். முகத்தை மூடி அழைத்துவருவது அதற்காகத்தான். கைகாலில் மாவுக்கட்டுப் போட்ட படத்தை வாட்ஸ்அப்பில் விடுவது எதற்காக என்று எனக்குப் புரியவில்லை. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், காவல்துறை ஊடகங்களிடம் பேசுவதற்கு விரிவான வழிமுறைகளை மூன்று மாதத்தில் தயாரிக்க உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. ஊடக விசாரணையால் நீதி கெடுகிறது என்பதே அதற்குச் சொன்ன காரணம்.

தீர்ப்புக்குப் பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும்: சொல்லாமல் வைத்ததைத் திறப்பது. மாஸ்கோ காவல்துறை 2025 ஜூலை 23 அன்று, தண்டனை அறிவித்த அன்றே, நூற்றுக்கணக்கான ஆவணங்களை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து வீட்டுக்குள் எடுத்த படங்களும் வெளியாகத் தொடங்கியபோது குடும்பத்தார் நீதிமன்றம் போனார்கள். கொலையுண்டவர்களின் உடல் தெரியும் படங்களை வெளியிட நீதிமன்றம் தடை போட்டது. எனவே கோப்பைத் திறக்கும் முன், எந்தப் பக்கம், எந்தப் படம் வெளியே போகப்போகிறது என்ற பட்டியலுடன் குடும்பத்துக்கு ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். அவர்கள் கோடு போட்டு அடிக்கச் சொல்லும் இடங்களை முதலில் அடித்துவிட்டு, மிச்சத்தைக் கொடுங்கள்.